பொட்டு வெச்ச பிரேக்

கதவை இன்னும் கொஞ்சம் வேகமா இழுத்துச் சாத்துங்க. அது அப்படித்தானுங்க, ஒருதாட்டி சாத்துனா ஒக்காராது. ம், ஆச்சு. பெல்ட்டா? போட்டுக்கங்க, போட்டுக்கங்க. நான் சொல்லாமயே போடறீங்க, நல்ல பழக்கம். பொறகால என்னத்தைத் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? அண்டாவுங்க. புளிசோத்து அண்டா. அதுக்கும் பெல்ட் போட்டிருக்கறன் பாருங்க. சாஞ்சுதுன்னா சீட்டெல்லாம் எண்ணெயாப் போயிருமுல்ல.

பஸ்ஸுக்கு நின்னிருந்தீங்கன்னா கோத்தகிரி வரைக்கும் நின்னுட்டேதான் போயிருக்கோணும். ஞாயித்துக்கெழமையில மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அப்படித்தான். நீங்க சும்மா ஊர் பாக்க வந்தவருன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுதுங்க. தோள்ல ஒரு பை, கையில தண்ணி பாட்டில், மூஞ்சியில ஒரு அவசரமும் இல்ல. அந்த மாதிரி ஒரு ஆளைத்தான் நானும் தேடிட்டிருந்தேன். ஏன்னு பொறகு சொல்றனுங்க. கெட்டதுக்கு இல்ல, பயப்படாதீங்க.

எம்பேரு சென்னியப்பன். நம்பியூர்ல ஹார்டுவேர் கடை. ஆணி, பைப்பு, மோட்டார் சாமான் எல்லாம் கெடைக்கும். கடைக்கு வந்து வாயைத் தொறக்காம வெரலை மட்டும் காட்டுங்க, எந்த சைஸ் போல்ட்டுன்னு எடுத்துக் கையில குடுத்துருவேன். இரும்பைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லீங்க. இதை எதுக்குச் சொல்றன்னா, விசயமே அதுலதான் இருக்குது.

இன்னைக்கு எம்பொண்ணுக்குக் கட்டுச்சோறு. உங்க பக்கத்துல உண்டோ என்னமோ. பொண்ணு மொதல் பிள்ளை உண்டாயி மாசம் நெருங்குனா, பொறந்தூட்டுக்காரங்க புளிசோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்சோறுன்னு வகை வகையா ஆக்கிக் கட்டிட்டு சம்பந்தி ஊட்டுக்குப் போகோணும். அங்க எல்லாருக்கும் விருந்து. சாப்புட்டு முடிஞ்சு பொண்ணைக் கையோட கூட்டிட்டு வந்துரோணும், பிரசவம் நம்மூட்லதான். எம்பொண்ணு மௌனிகாவைக் கோத்தகிரியில குடுத்திருக்குதுங்க. ஒரே பொண்ணு. சாயங்காலம் எம்பொண்ணு இந்தக் கார்ல, இப்ப நீங்க ஒக்காந்திருக்கற சீட்ல ஒக்காந்து, இந்த மலையை எறங்கி வரப்போகுது. எனக்கு வேற எந்த ஆசையும் இல்லீங்க. இத்தனை பாடும் அதுக்குத்தான்.

ஒறம்பரையெல்லாம் எங்கன்னு கேக்கறீங்களா? வேன்லீங்க. மாமன், மச்சான், சித்தி, பெரியம்மா, பங்காளிக, அத்தனை பேரும் ஒரே வேன்ல நெருக்கியடிச்சுட்டுப் போறாங்க. எங்க சின்னம்மா ஒருத்தி தயிர்சோத்து அண்டா மூடி மேல ஒக்காந்துட்டுப் போறா. இங்க கார்ல சீட்டு காலியாக் கெடக்குது. ‘வாங்க, காத்தாடப் போலாம்’னு ஒவ்வொருத்தரையாக் கூப்புட்டேன். ஒருத்தருக்கு ஏசி ஒத்துக்காதாம். ஒருத்தருக்கு வேன்னாத்தான் வாந்தி வராதாம், கேட்டிருக்கீங்களா இப்படி ஒரு நோவு? கடைசியில அண்டாவை மட்டும் ஏத்தி விட்டாங்க. அதுலயும் எம்பொண்டாட்டி துளசிமணி வேன்ல ஏறி ஒக்காந்துட்டு, ‘இது கெட்டாலும் பரவால்ல, இன்னும் மூணு வகை சோறு இருக்குது’ன்னு அவங்கக்காகிட்டச் சொன்னது என் காதுல விழுந்துதுங்க.

சித்தெ இருங்க, இந்தப் பஸ்ஸுக்கு வழி விட்டுர்றன். ம். பாத்தீங்களா, எப்படி நின்னுதுன்னு? கல்லாட்டம் நின்னுது. நீங்க எதுக்குங்க காலைத் தரையில அமுக்கறீங்க? உங்க பக்கம் பிரேக் இல்லீங்க. அதும்போக, இது ஏத்தம். ஏத்தத்துல பிரேக்குக்கு என்ன வேலை? எறங்கறப்பத்தான் அதுக்குச் சோலி.

எங்க சம்பந்தி நாச்சிமுத்து. நல்ல மனுசன், கொறை சொல்லக்கூடாது. தேயிலை ஏத்தற லாரிக வெச்சுத் தொழில் பண்றாரு. பெரிய கார் ஒண்ணு வெச்சிருக்காரு, அதுக்கு யூனிபாரம் போட்ட டிரைவர் வேற. ஆனா வாயி இருக்குது பாருங்க, அது கொஞ்சம் நீளம். மெயின் ரோட்டுல இருந்து அவரு ஊட்டுக்கு ஒரு சந்துல எறங்கோணும். போன தாட்டி போனப்ப எங்கார் கீச்சுன்னு கத்திட்டே எறங்குச்சு. வாசல்ல நின்னுட்டு, ‘வாங்க சம்பந்தி, உங்க பிரேக் சத்தம் கேட்டதுமே டீ வெக்கச் சொல்லிட்டேன், டீ கொதிக்கறதுக்கும் வண்டி நிக்கறதுக்கும் சரியா இருக்குது’ங்கறாரு. வாசல் பூராச் சிரிப்பு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். எம்பொண்ணும் சிரிச்சுதுங்க. சிரிச்சுட்டு, ஒடனே என்னையப் பாத்து வாயைப் பொத்திக்குச்சு. சிரிச்சது கூடப் பரவால்ல. அந்தப் பொத்துனதுதானுங்க எனக்குத் தாங்கல.

ஊருக்கு வந்ததும் நேரா லாரன்ஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். டயரைக் கழட்டிப் பாத்துட்டு, ‘அண்ணா, பிரேக் பேடு முன்னாடி ரெண்டு பக்கமும் தேஞ்சு போச்சு, வண்டியை விட்டுட்டுப் போங்க’ன்னான். எட்டிப் பாத்தேன். ரெண்டு போல்ட்டு. ரெண்டே போல்ட்டுங்க! ‘இதை நானே மாத்திக்கறேன்டா’ன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, ‘அண்ணா, எதை வேணாத் தொடுங்க, பிரேக்கைத் தொடாதீங்க’ன்னான்.

எங்கிட்ட அப்படிச் சொல்லக்கூடாதுங்க. எங்கூட்டுல ஃபேன், தண்ணி மோட்டார், கிரைண்டர் எல்லாம் நான் கழட்டி மாட்டுனதுதான். கிரைண்டர் இப்ப எதிர்ப் பக்கமாச் சுத்துது. சுத்துதா இல்லையா? துளசிமணி மட்டும் பக்கத்தூட்டுக் கிரைண்டர்ல போயி ஆட்டிட்டு வர்றா. அங்க பேச்சுத் துணைக்கு ஆள் இருக்குது, அதுக்காகப் போறான்னு நெனைக்கறன்.

கோபியில போயி பேடு வாங்கியாந்தேன். போன்ல ஒரு வீடியோ கெடச்சுது, இந்திக்காரப் பையன் ஒருத்தன் போட்டது. எனக்கு இந்தி ஒரு எழுத்துத் தெரியாதுங்க. ஆனா கை வேலைக்குப் பாஷை எதுக்கு? அவன் ஜாக்கி வெச்சான், நானும் வெச்சேன். அவன் பின் டயருக்குக் கல்லு வெச்சான், நானும் வெச்சேன். கடைசியில ஒரு எடத்துல வேலையை நிறுத்திட்டு, வெரலை ஆட்டி ஆட்டி ரொம்ப நேரம் என்னமோ சொன்னான். வெறும் பேச்சுதானேன்னு அதைத் தள்ளி விட்டுட்டேன்.

பேடுன்னா என்னன்னு தெரியுமுங்களா? உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு பக்கம் கெட்டி இரும்புத் தகடு. மறுபக்கம் கருப்பா, சொரசொரன்னு, அடுப்புக்கரியை அரைச்சு ஒட்டுனாப்ல. டயருக்கு உள்ள ஒரு தட்டு சுத்திட்டே இருக்கும், டிஸ்க்குன்னு பேரு. பிரேக்கை அமுக்குனா ரெண்டு பக்கமும் பேடு வந்து அதைக் கவ்விப் புடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

இனிமேத்தான் துளசிமணி உள்ள வர்றா. புதுச் சாமான் எது வந்தாலும் சாமிகிட்ட வெக்காம எடுக்கக்கூடாதுன்னு அவளுக்கு. வேண்டாம்னு நானும் சொல்லல, நானும் சாமி கும்புடறவன்தானே. பேடு பூராத்தையும் தாம்பாளத்துல அடுக்கி, சந்தனம் வெச்சு, அது மேல குங்குமம் வெச்சா. எந்தப் பக்கத்துல வெச்சா? கருப்புப் பக்கத்துல. கருப்புல பொட்டு வெச்சா எடுப்பாத் தெரியுமாம். நானும் பாத்தேன், தெரிஞ்சுதுங்க, லட்சணமா இருந்துச்சு.

அன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள வண்டியை எடுத்து எலுமிச்சம்பழத்துல ஏத்திரோணும்னு துளசிமணி ஆரத்தித் தட்டத்தோட நிக்கறா. நான் பேடைக் கையில எடுத்தேன். எந்தப் பக்கம் உள்ள, எந்தப் பக்கம் வெளியன்னு ஒரு நிமிசம் யோசனை. பழசைப் பாத்து மாட்டலாம்னா, பழைய இரும்பு வாங்கறவன் அதை மூட்டையில போட்டு சைக்கிள்ல தூக்கிட்டுப் போயிட்டான். சரி, நீங்களே சொல்லுங்க. பொட்டு வெச்ச பக்கம்தானே மூஞ்சி? மூஞ்சியை வெளிய பாத்துத்தானே வெப்பாங்க? சாமி போட்டோவை யாராச்சும் செவுத்தைப் பாத்தாப்ல மாட்டுவாங்களா? அதும்போக, பொட்டு வெச்ச எடத்தைக் கொண்டு போயி சுத்தற தட்டுல வெச்சுத் தேய்க்க மனசு வருமா? இரும்பைப் புடிக்கோணும்னா இரும்புதான் புடிக்கும், கரியா புடிக்கும்? இப்படியெல்லாம் யோசிச்சுத்தானுங்க மாட்டுனேன். யோசிக்காமச் செஞ்சேன்னு யாரும் சொல்ல முடியாது.

தலையை ஆட்டறீங்க. ஆமான்னு ஆட்டறீங்களா, வேற மாதிரி ஆட்டறீங்களான்னு தெரியல. போகட்டும். அந்தக் கொரங்கைப் பாருங்க, குட்டியோட ஒக்காந்திருக்குது. ஜன்னலை மட்டும் ஏத்திருங்க, புளிசோத்து வாசம் எட்டூருக்கு அடிக்குது.

ரெண்டு டயரையும் மாட்டி, ஜாக்கியை எறக்கி, துளசிமணியைப் பக்கத்துல ஏத்துனேன். ஆரத்தித் தண்ணியைச் சுத்தி ஊத்திட்டு ஏறுடின்னா, எலுமிச்சம்பழம் நசுங்குனதும் எறங்கி ஊத்தறேன்னு தட்டத்தை மடியில வெச்சுட்டு ஏறிட்டா. வண்டியை எடுத்தேன். பழம் சப்புன்னு நசுங்குச்சு. நசுங்குனதும் நிறுத்தோணுமில்ல? பிரேக்கை அமுக்கறன், காலு நேராத் தரையில போயி ஒக்காந்துக்குது. வெறும் காத்தை மிதிச்சாப்ல இருக்குதுங்க! எங்கூட்டு வாசல்ல இருந்து சரிவு. சரிவுக்குக் கீழ பங்காளி செல்லமுத்து களம். களத்துல வேக வெச்ச மஞ்சளைக் குவிச்சு வெச்சிருக்கான். ‘ஏனுங்க, நிறுத்துங்க’ன்னு இவ கத்தறா. ‘நிறுத்திட்டுத்தான்டி இருக்கறன்’னு நான் கத்தறன். செல்லமுத்து மம்முட்டியைப் போட்டுட்டு ஓடறான். வண்டி போயி மஞ்சக் குமியில மூக்கைச் சொருகிட்டு நின்னுது. ஒரு கீறல் இல்ல. பம்பரு பூரா மஞ்சள். புது வேலை முடிஞ்சு எடுத்த வண்டி, எத்தனை மங்களகரமா நின்னுதுன்னு நான் சொன்னேன். ஆரத்தித் தண்ணி பூராவும் அவ சேலையில. எறங்கி, தட்டத்தை எடுத்துட்டு, அந்தச் சரிவுல நடந்தே ஊட்டுக்குப் போனா.

பொறகால தெரிஞ்சுதுங்க. புதுப் பேடு போட்டா, வண்டி நிக்கறப்பவே பிரேக்கை நல்லா அமுக்கி அமுக்கி விடோணுமாம். அப்பத்தான் அது போயி டிஸ்க்கைத் தொடுமாம். அதைத்தான் அந்த இந்திக்காரப் பையன் வெரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கறான். கொஞ்சம் வெளங்கறாப்லச் சொல்லியிருக்கலாம் அவன். பொறுப்பு வேண்டாமா?

அமுக்கி விட்டதும் பிரேக் புடிச்சுது. சத்தம் மட்டும் புதுசா வந்துச்சு. முந்தி கீச்சுன்னுது, இப்ப கர்ர்ர்ருன்னு, ரைஸ்மில் கல்லு சுத்தறாப்ல. கீச்சு போயிருச்சில்ல, அதைப் பாருங்க. புதுச் செருப்பு கொஞ்ச நாளைக்குக் கடிக்கத்தானே செய்யும்னு நான் ஓட்டிட்டே திரிஞ்சேன். எங்க தெருவுல நாய்க எல்லாம் எங்காரைக் கண்டா எந்திரிச்சுப் போக ஆரம்பிச்சுது. கடைக்கு வர்ற ஆளுக, ‘அண்ணா, என்னமோ அறுக்கற சத்தம் கேட்டுதே’ங்கறாங்க. கடைசியில எனக்கே பல்லுக் கூசுச்சு. சரின்னு மறுபடி ஜாக்கி வெச்சுக் கழட்டுனேன்.

கழட்டிப் பாத்தா, டிஸ்க்குல ஏரு ஓட்டி வெச்சிருக்குது. சால் சாலா விழுந்து கெடக்குது. அந்தப் பக்கம் பேட்ல, கருப்பு மேல, சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்குதுங்க! ஓரத்துல சித்தெ அழிஞ்சிருக்குது, அவ்வளவுதான். துளசிமணி வந்து பாத்தா. நான் மொதல்ல முந்திக்கிட்டேன். ‘பாருடி, நீ பொட்டைத் தப்பான பக்கத்துல வெச்சதுனால வந்த வெனை’ன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? ‘நான் சாமிக்குன்னு பொட்டு வெச்சேன். உங்களுக்கு அடையாளத்துக்கா வெச்சேன்?’ அப்படீன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. போனவ சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல, தோளு ரெண்டும் குலுங்குச்சு.

டிஸ்க்கு, பேடு எல்லாம் புதுசா வாங்கி மறுபடியும் நானே மாட்டுனேன். கருப்பு உள்ள, இரும்பு வெளிய. சரியா மாட்டுனேனுங்க, சத்தியமா. இந்தத் தாட்டி பொட்டே வேண்டாம்னுட்டேன். அவளும் வெக்கறேன்னு வரல. அது மட்டும் எனக்கு மனசுல ஒருமாதிரியாத்தான் இருக்குது. லாரன்ஸ்கிட்ட ஒருதாட்டி காட்டியிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? காட்டலாம். தொடாதீங்கன்னு சொன்னவன்கிட்டப் போயி, தொட்டுட்டேன் பாத்துக் குடுடான்னு எப்படிங்க நிக்கறது?

இந்த வளைவுதான் கொஞ்சம் கெட்டது. ஹார்ன் அடிச்சுக்கறன். ம், தாண்டியாச்சு. கண்ணைத் தொறங்க.

அதுக்குள்ள சேதி மலையேறிருச்சு. மௌனிகா போன் பண்ணுது. ‘ஏனுங்ப்பா, பிரேக்கை நீங்களே மாத்துனீங்களாமா?’ மாத்துனேன் கண்ணுன்னேன். அப்பறம், ‘அப்பா, கட்டுச்சோறு அன்னைக்கு மாமா கார் குடுக்கறேங்கறாங்க. நான் அதுல வந்துரட்டுமுங்களா?’ன்னு கேட்டுது. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. கடையில ஆளுக நிக்கறாங்க, திரும்பி பெயிண்ட் டப்பாவை எண்ணறாப்ல நின்னேன். மொதப் பிரசவத்துக்கு அப்பன் ஊட்டுக்கு வர்ற பொண்ணு, அடுத்தவன் கார்ல வந்து எறங்குனா, அப்பன்னு நான் எதுக்குங்க?

எஞ்சத்தத்துல கண்டுபுடிச்சிருக்கோணும். பேச்சை மாத்துச்சு. ‘சரி, அப்ப ஒண்ணு பண்ணுங்க. முன்னப் பின்னத் தெரியாத ஆளு ஒருத்தரைப் பக்கத்து சீட்ல ஒக்கார வெச்சு மலையேறி வாங்க. அவரு எறங்கி, எங்க மாமா முன்னால, பிரேக் நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். அப்ப நான் ஏர்றேன். நம்ம ஒறம்பரை வேண்டாம், நீங்க மெரட்டிக் கூட்டிட்டு வந்துருவீங்க’ன்னுது. சொல்லிட்டுச் சிரிச்சுது. சிரிச்சா என்ன, சொன்னது சொன்னதுதானே?

அந்தத் தெரியாத ஆளு நீங்கதானுங்க.

கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பேரை முன்னாலயே கேட்டுப் பாத்தேன், அண்டாவைப் பாத்துட்டு வர மாட்டேன்னுட்டாங்க. நீங்க பெரிசா ஒண்ணும் பண்ண வேண்டாம். மதியச் சாப்பாடு எங்களோட. நாலு வகைச் சோறு, வடை, லட்டு. கைகழுவிட்டு, சம்பந்தி முன்னால ஒரே ஒரு வார்த்தை. சாயங்காலம் நீங்களும் மேட்டுப்பாளையம் எறங்கோணும்னு சொன்னீங்கள்ல, பஸ் ஸ்டாண்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுர்றன். இதா, இந்தச் சந்துதான். எறக்கம். பாருங்க இப்ப. சத்தம் வருதா? கீச்சு இருக்குதா? கர்ரு இருக்குதா? நின்னுது பாத்தீங்களா! மூச்சு விடுங்க. வாங்க, எறங்குங்க, மூஞ்சியைத் தொடைச்சுக்கங்க, வேர்த்து ஊத்துது.

\*

என்னங்க, இங்க தனியா வந்து நின்னுட்டீங்க? வெத்தலை போட்டீங்களா? புளிசோறு எப்படி? எல்லாரும் மூணாந்தாட்டி கேட்டு வாங்குனது அந்த அண்டாவுலதான். கெட்டாலும் பரவால்லைன்னா பாருங்க.

நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேனுங்க. அத்தனை ஒறம்பரை முன்னால, சம்பந்தி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நேருக்கு நேரா நின்னு கேக்கறப்ப, ‘பிரேக் நல்லாப் புடிக்குதுங்க’ன்னு சொன்னீங்க பாருங்க. கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னீங்க. பரவால்ல, வாயில லட்டு இருந்துச்சு. எங்க சின்னம்மா முகத்தைப் பாத்தீங்களா? வேன்ல அண்டா மேல ஒக்காந்துட்டு வந்தாளே, அவதான்.

மௌனிகா என்ன சொல்லுச்சுன்னு கேட்டீங்கள்ல. ‘அப்பா, நான் வெளையாட்டுக்குச் சொன்னதுங்ப்பா. நெசமாலுமே ஒருத்தரைப் புடிச்சுட்டு வந்துட்டீங்களா?’ன்னு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சுது. சிரிச்சுட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. அங்க சம்பந்தி கார் பூமாலையெல்லாம் போட்டு நிக்குது, டிரைவர் கதவைத் தொறந்து வெச்சுட்டு நிக்கறாரு. அதைத் திரும்பிக்கூடப் பாக்காம, நேரா எங்கார்கிட்ட வந்து, கதவைத் தொறந்து ஒக்காந்துருச்சுங்க. அது வரைக்கும்தான் நீங்க பாத்தீங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது.

கதவை ஒரே இழுப்புல சாத்துச்சு. எப்படிச் சாத்தோணும்னு அதுக்குத் தெரியும், சின்னப்புள்ளையில இருந்து ஏறுன வண்டி. பெல்ட்டை எடுத்து, வயித்துக்குக் கீழ வர்றாப்ல, மெல்லமா இழுத்து மாட்டிக்குச்சு. அப்பறம் வயித்து மேல ஒரு கையை வெச்சுட்டு, ‘போலாமுங்ப்பா’ன்னுது. பிரேக்கைப் பத்தி ஒண்ணும் கேக்கல.

நான் பிரேக்கை அமுக்கிப் பாத்தேன். கெட்டியா இருந்துச்சு. இன்னொருதாட்டி அமுக்குனேன். கெட்டியாத்தான் இருந்துச்சு. அமுக்கிட்டே இருந்தேனுங்க. ‘என்னங்ப்பா பண்றீங்க?’ன்னு கேட்டுது. மலை எறக்கம் பூராவும் கண்ணு முன்னால வருது. ஒரு ஒரு வளைவா வருது. அந்தப் போல்ட்டை முறுக்குனேனே, நல்லா முறுக்குனேனா? எனக்குத் தெரியுமுங்க, முறுக்குனேன். கை வலிக்க முறுக்குனேன். ஆனா எம்பொண்ணு கை அது வயித்து மேல இருக்குது பாருங்க, அதைப் பாத்ததுக்கப்பறம் எனக்கு எதுவுமே தெரியலீங்க. பயம் வந்துருச்சு. எங்கையை நானே நம்பல.

எறங்கிட்டேன். சம்பந்தியைக் கூப்புட்டு, ‘ஏசி வேலை செய்யலீங்க, மாசமா இருக்கற புள்ளைக்கு வேர்க்கும், உங்க கார்லயே அனுப்பிருங்க’ன்னேன். அவரு வாயைத் தொறந்தாரு. டீயின்னு வரும், கொதிக்குதுன்னு வரும்னு நான் நிக்கறன். அதுக்குள்ள துளசிமணி குறுக்க வந்துட்டா. ‘ஆமாங்க அண்ணா, காலையிலேயே நான் சொன்னேன், ஏசி சரியில்லைன்னு. இவங்கதான் கேக்கல’ன்னா. ஏசி நல்லா ஓடுதுன்னு அவளுக்குத் தெரியும். போன வாரம்தான் குளுருது, கொறைங்கன்னு சொன்னா. எம்மூஞ்சியைப் பாக்காமயே சொல்லிட்டு, பொண்ணு பெல்ட்டைக் கழட்டி, கையைப் புடிச்சு அந்தக் கார்ல ஏத்தி, அவளும் கூடவே ஏறி ஒக்காந்துட்டா.

மௌனிகா கண்ணாடியை எறக்கி, ‘அப்பா, நீங்க முன்னால போங்க, நாங்க உங்க பொறகாலயே வர்றோம்’னுச்சு. இல்ல கண்ணு, நீ முன்னால போன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். இதா, வளைவுல திரும்பறாங்க பாருங்க, வெள்ளையா தெரியுது. அந்த டிரைவர் நல்லா ஓட்டறாரு. மெதுவாத்தான் போறாரு. நல்லாப் பழகுன கை.

கண்ணுல தூசிங்க, வேற ஒண்ணும் இல்ல. மலைக்காத்து.

சரி, பொழுதாவுது, வாங்க. மஞ்சு எறங்கி ரோட்டை மூடறதுக்குள்ள கீழ போயிரோணும். அண்டா காலி, முன்னால தாராளமா ஒக்காருங்க. என்னங்க, வேனைப் பாக்கறீங்க? வேன்ல எடமில்லீங்க, எங்க சின்னம்மாவே மறுபடி அண்டா மேலதான் ஒக்காந்திருக்கறா. பஸ்ஸா? பஸ் எல்லாம் இந்நேரத்துக்குக் கூட்டமா வரும். அட, ஏறுங்க. பிரேக் நல்லாப் புடிக்குதுன்னு அத்தனை பேர் முன்னால நீங்கதானுங்களே சொன்னீங்க.